கீழாநெல்லி மோர்

கரண்ட் போனதும் தெருவிலிருந்த விசைத்தறியெல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. ஒரு சத்தம் மட்டும் அடங்கவில்லை. சோமனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தறிச் சத்தத்துக்குள்ளேயே சமைத்து, தூங்கி, பிள்ளை பெற்றவள் சாந்தாமணி. இது தறியில்லை என்று அவள் காதுக்குத் தெரியும். மத்தியான வெயிலும் பினாயில் நெடியும் புழுங்கிக் கிடந்த வீட்டில், கணவர் தம்பிதுரை படுத்திருந்த அறையிலிருந்துதான் அது வந்தது. தொம். தொம்.

அலுத்துப்போயிருந்தாள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியும் வீடுமாய் அலைந்து கால் வீங்கிவிட்டது. விபத்தில் செத்துப்போன யாரோ ஒரு இளைஞனின் இதயம் இப்போது அவருக்குள் ஓடுகிறது. அவனுக்கு ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி இருந்தது. கிருமியும் கூடவே வரும், மாத்திரையில் போய்விடும், வேறு இதயத்துக்குக் காத்திருந்தால் ஆள் தாங்கமாட்டார் என்று சொல்லித்தான் வைத்தார்கள். சொன்னபடியே கிருமி போயும் விட்டது. இவளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஈரல் சமாச்சாரம் என்றால் இந்தப் பக்கம் யாராயிருந்தாலும் செய்வதைச் செய்தாள்: வரப்பில் கீழாநெல்லி பிடுங்கி, அரைத்து, தினமும் வெறும் வயிற்றில் மோரில் கலந்து கொடுத்தாள். டாக்டரிடம் மூச்சு விடவில்லை.

காலையில் நர்ஸ் ஹாரிகா போனில் கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சுங்க. அவரு உடம்பு அந்த இதயத்தை ஏத்துக்க மாட்டேங்குதுங்க. ஒடனே கூட்டிட்டு வாங்க. நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா? அது இதயத்தை ஒத்துக்க வெக்கிற நம்ம மாத்திரையைக் கெடுத்துருமுங்க."

"இல்லீங் கண்ணு," என்றாள். பொய். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்ட கார் வருகிற வரைக்கும் அவர் தாங்கினால் போதும் சாமி, வேறொன்றும் கேட்கமாட்டேன்.

அறைக்குள் போனாள். மோர் புளித்த வாடை. அவர் கண்ணை மூடியிருந்தார். சட்டைப் பித்தான்கள் கழன்றிருந்தன. நெஞ்சின் நீளத் தழும்பை விரலால் தட்டிக்கொண்டிருந்தார், தூங்கும் குழந்தையை எழுப்புகிற மாதிரி.

"போதுமுங்க," என்றார் தூக்கத்திலேயே. விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை. "ரொம்ப நாளு இருந்துட்டீங்க. கெளம்புங்க."

சத்தம் நின்றது.

"ஏனுங்க... யாருகிட்டப் பேசறீங்க?"

தோளைத் தொட்டாள். சூடு இருந்தது. மூச்சும் இருந்தது. உதடுகள் இறுக மூடியிருந்தன.

"போகச் சொல்லிட்டாருங்கம்மா. போயிட்டு வாரேனுங்க."

இளங்குரல். அவர் வாயிலிருந்து அல்ல.

தழும்பின் மேல்முனை, உள்ளிருந்து, மெல்லத் திறந்தது.