ஆறு நிமிஷ நடை

"இங்க என்னங்க ஓட்டப்பந்தயமா நடக்குது? உங்க போக்குல நடங்க!"

"சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் போய்த் தைக்கலாம்ல?"

"எப்படி நடந்தாலும் ஆறு நிமிஷம் ஆறு நிமிஷம்தாங்க..."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்த தையல்காரி திரும்பி முறைத்தாள். அடேயப்பா, அந்தக் கண்கள்! காலையிலிருந்து பதினெட்டு பேருக்கு நேரம் பார்த்துச் சலித்திருந்த ஊழியன், கைக்கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துபோனான்.

அவளுக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடும் வியாதி. இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ மெஷின் அங்கே கிடையாது. ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பதை வைத்துத்தான் டாக்டர் வைத்தியம் பார்த்தார். அதை அளந்து ஃபைலில் எழுதுவது அவன் வேலை.

மூன்று மாதமாக அவள் தூரம் கூடிக்கொண்டே போனது. அவனும் பூரித்துப்போனான், மண்டு! இருக்கிற கொஞ்ச மாத்திரையும் ரொம்ப முடியாதவர்களுக்குத்தான். "இந்தப் பொண்ணுக்குப் பரவாயில்லையே" என்று டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதாமல் தள்ளிப்போட்டார்.

ஒரு மழை நாள். வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் நீலம். அவனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சும்மா... மழை பாத்துட்டிருந்தேன்."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் இத்தனை நாளும் வேகமாக நடந்தது... தனக்காகவா?

அடுத்த மாதம் கடிகாரத்தை நர்ஸிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். அவள் நடுவில் இரண்டு தடவை நின்றாள். தூரம் பாதியாகியிருந்தது. மாத்திரை கிடைத்தது.

மாத்திரையோடு நேரே அவனிடம்தான் வந்தாள், கோபமாக.

"என்னைப் பாக்கக்கூடப் பிடிக்கலையா?"

"நான் நின்னா நீங்க உயிரைக் குடுத்து நடக்கறீங்க. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

அவள் கண் கலங்கியது. "வேற எப்படி நடக்கறதாம்? என்னால மாடி ஏற முடியாது. பிள்ளை பெத்துக்கக் கூடாதுன்னு வேற சொல்லிட்டாங்க. நோயாளின்னு தெரிஞ்சா யாருக்குங்க பிடிக்கும்?"

"உங்க ஃபைலை எழுதறதே நான்தானே! எல்லாம் தெரிஞ்சுதான்... உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு."

அவள் நிமிர்த்தி வைத்திருந்த தோள்கள் மெல்லத் தளர்ந்தன.

"எனக்கு முடியலைங்க... ரொம்ப மூச்சு வாங்குது," என்றாள். "கொஞ்சம் கையைக் குடுங்களேன்."