குளத்தில் வாத்துகள்

கம்பளிக் கொட்டகையின் வாசலில் மேவிஸ் தயங்கி நின்றாள். பண்ணை மேலாளரின் மகளான அவளுக்கு வயது பத்து. ஆடுகளுக்குக் கம்பளி கத்தரிக்கும் அந்த இடத்திற்குள் பெண்கள் நுழைவது வழக்கமில்லை.

ஆனால் இன்று போயாக வேண்டும். இளம் கத்தரிப்பாளன் லெஸ்ஸின் தாயார் காலமாகிவிட்டார். அவனுடைய அக்கா தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தாள். மேவிஸின் அம்மா அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். "லெஸ்ஸைக் கூட்டிட்டு வா. சேதியை அவங்க அக்காவே சொல்லட்டும்," என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தார்.

உள்ளே இயந்திர இரைச்சலையும் மீறி, இன்னொரு கத்தரிப்பாளனான ஹாரியின் குரல் கேட்டது.

"டேய் லெஸ்! கம்பளி வெட்ட வந்தியா, வெட்டிக்க வந்தியா? உங்கம்மா பின்னின ஸ்வெட்டர்ல உனக்கும் ஆட்டுக்கும் வித்தியாசமே தெரியலையேடா!"

கொட்டகை அதிர எல்லாரும் சிரித்தார்கள். பின்னாலேயே சில கெட்ட வார்த்தைகளும் பறந்தன.

மேவிஸ் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்தாள். அம்மாவைச் சொல்லிச் சிரிக்கும்போதா லெஸ்ஸை அழைப்பது?

சமையல்காரர் பெர்சி முன்பு விளக்கியது அவளுக்கு நினைவு வந்தது: "பொம்பளைங்க வந்தா, 'குளத்தில் வாத்துகள்'னு ஒருத்தன் கத்துவான். 'வாயை அடக்குங்கடா'ன்னு அர்த்தம். வர்றவங்க காதுபடவே அப்படிச் சொல்ல முடியுமா? அதான் வாத்துன்னு வெச்சாங்க."

கதவருகே நின்று குரல் கொடுக்கும் ஆளை இப்போது காணவில்லை. மேவிஸ் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"குளத்தில் வாத்துகள்!"

பேச்சு சட்டென்று அறுந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"வாத்து எங்கடா?" என்றார் ஒருவர்.

"நான்தாங்க," என்றாள் மேவிஸ்.

யாரோ சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"லெஸ் அண்ணா, உங்க அக்கா போன்ல இருக்காங்க. வாங்க."

லெஸ் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பாதி கத்தரித்த ஆட்டை அப்படியே விட்டுவிட்டு, வீட்டை நோக்கி ஓடினான்.

ஹாரி தொப்பியைக் கழற்றினான். "அவங்கம்மாவா பாப்பா?"

மேவிஸ் தலையசைத்தாள்.

ஹாரி தன் ஆட்டை விட்டுவிட்டு, லெஸ்ஸின் ஆட்டைத் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டான். கத்தரித்த ஆடு எவன் பட்டியில் நிற்கிறதோ, அதற்கான கூலி அவனுக்கு. அதனால் அங்கே ஒருவர் ஆட்டை மற்றவர் தொடமாட்டார்.

மீதிக் கம்பளியை ஒரு கீறல் இல்லாமல் எடுத்தான். பின்பு அந்த ஆட்டை மெல்ல நடத்திச் சென்று, லெஸ்ஸின் பட்டியில் விட்டுக் கதவைச் சாத்தினான்.