மணி கழற்றிய மலைப்பாதை

மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும், சென்சியின் முதுகுப்பையில் இருந்த மாட்டு மணி சத்தம் போடுவதை நிறுத்திக்கொண்டது.

ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து சைக்கிளின் ஒவ்வொரு மிதிக்கும் அது டொங் டொங்கென்று முதுகெலும்பில் இடித்து உயிரை வாங்கிக்கொண்டுதான் வந்தது. இப்போதும் இடிக்கிறது. எடை அங்கேயேதான் இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. மணியின் நாக்கு துணியில் சிக்கியிருக்கும் என்று நினைத்தாள். நிறுத்திப் பார்க்கப் பொறுமையில்லை. மூடுபனி இறங்குவதற்குள் மேலே போய், மலைப் புல்வெளியில் மாடு மேய்க்கும் தம்பி காசியனைக் கையோடு கீழே கூட்டி வந்துவிட வேண்டும். அவன் வர மாட்டேன் என்றால் காதைப் பிடித்தாவது இழுத்து வர வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடு.

காலையில் அவன் போன் செய்திருந்தான்.

"அக்கா, கிரேஃபினோட மணியையாவது கொண்டுவா. மந்தைக்கு முன்னால போற மாடு, அது கழுத்துல ஒண்ணு கெடந்தா போதும்."

"எதுக்குடா கிசுகிசுன்னு பேசுற? அங்க யாரு இருக்கா ஒட்டுக் கேக்க?"

"நான் தொண்டை கிழியக் கத்துறேன்க்கா."

அதோடு தொடர்பு அறுந்துபோனது. மலையில் சிக்னல் கிடைக்காது என்று அவள் விட்டுவிட்டாள். மதியம் வரை மறுபடி மறுபடி கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை. அதன் பிறகு விட முடியவில்லை.

மாடுகளின் மணியைக் கழற்றியது அவளுடைய அலுவலகம்தான். ஃபல்சூர் பள்ளத்தாக்கின் சுற்றுலா அலுவலகம். சைக்கிள் ஓட்ட வரும் நகரத்துப் பெருமக்களுக்காக அவளே 'அமைதிப் பாதைகள்' என்று ஒரு வரைபடம் போட்டிருந்தாள். குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து செய்த உருப்படியான வேலை அதுதான். லாரி வராத சாலை, மோட்டார் சைக்கிள் வராத சாலை, கடைசியில் பகலில் சொந்த ஊர்க்காரனின் டிராக்டர்கூட ஏறக்கூடாத சாலை. அவ்வளவும் செய்து கொடுத்த பிறகும் விருந்தாளிகள் புகார் எழுதினார்கள். கால் முடியைப் பெண்பிள்ளைகளைவிட ஒழுங்காக மழித்துக்கொண்டு, வாழைப்பழத் தோலை வேலியோரம் வீசிவிட்டுப் போகிற அந்த ஜென்மங்களுக்கு மாட்டு மணி தலைவலி கொடுத்ததாம். இதயத்துடிப்புக் கருவியில் எண் தாறுமாறாக ஏறியதாம்.

மேலாளர் ஸ்டெக்கர் அந்தப் புகார்களை வேத வாக்காக வாசித்தார். மாடுகளின் கழுத்தில், அவை இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியைக் கட்டிவிட்டு, மணிகளைக் கழற்றி அலுவலகக் கிடங்கில் குவித்தார். சனிக்கிழமை நடுவர் குழு வருகிறது. ஆல்ப்ஸிலேயே மிக அமைதியான சைக்கிள் பாதை என்ற விருது கிடைக்கப் போகிறது.

"ஒரே ஒரு மணி சார். தம்பி கேக்குறான்" என்று மதியம் அவள் போய் நின்றாள்.

"உன் தம்பிக்கு பயமா இருந்தா ரேடியோ வச்சுக்கச் சொல்லும்மா. சின்னதா. காதுல மாட்டுறது" என்றார். பிறகு ரொம்ப யோசித்தவர்போல, "அந்த ஓடையையும் ஏதாவது செய்யணும். போன வாரம் ஒருத்தர் எழுதியிருக்காரு, தண்ணி ரொம்ப இரையுதுன்னு."

"மலையையே கம்பளியால மூடிறலாம் சார்."

அவர் அதையும் குறித்துக்கொள்கிற ஆள். அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் கிடங்கைத் திறந்து மணியை எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வளைவில் மேலேயிருந்து ஒருவன் இறங்கி வந்தான். மஞ்சள் சட்டை, விலை உயர்ந்த சைக்கிள், கறுப்புக் கண்ணாடி. மியூனிக்கிலிருந்து வந்து ஆற்றோர விடுதியில் தங்கியிருப்பவன். காலையில் ரொட்டி பழசு என்று பரிமாறுகிற பெண்ணை அழ வைத்தவன். அவளைப் பார்த்ததும் நின்றான். முகத்தில் புத்தம் புதிதாய் ஞானம் பெற்ற களை.

"சொர்க்கம்ங்க" என்றான். அவன் தொண்டை நரம்பு புடைத்திருந்தது. வந்த குரலோ கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் இருந்தது. "மேல போய்ப் பாருங்க. என் மூச்சே எனக்குக் கேக்கல."

"நின்னு போயிருக்கும். நல்ல டாக்டரா பாருங்க."

அவனுக்கு அது காதில் விழவில்லை போலிருக்கிறது. சிரித்தபடியே இறங்கிப் போனான். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சரிவில் அப்படிப்பட்ட சைக்கிள் இறங்கினால் பின்சக்கரம் வெட்டுக்கிளிக் கூட்டம்போல் கிரீச்சிட வேண்டும். மஞ்சள் சட்டை வளைவில் வழுக்கி மறைந்தது. தாளில் வெட்டிய படத்தை யாரோ இழுத்துக்கொண்டது போல.

சென்சி பெடலை மிதிப்பதை நிறுத்தினாள். தன் பின்சக்கரத்தைச் சுழலவிட்டுக் காது கொடுத்தாள்.

ஒன்றுமில்லை.

முட்டாள்தனம், ஏற்றத்தில் காது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தாள், எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். காது திறந்துதான் இருந்தது. லார்ச் மரங்களுக்கு நடுவே ஈரமும் பிசினும் மாட்டுச் சாணமும் கலந்த வாடை வந்தது, பனியின் முதல் திட்டுகள் மரத்தண்டுகளைச் சுற்றி ஊர்ந்தன, தூரத்தில் எங்கோ ஓடையின் இரைச்சல் மெல்லியதாகக் கேட்டது. அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினாள். ஓடை இருக்கிறது, பாலம் இருக்கிறது, பாலத்தைத் தாண்டினால் புல்வெளி, புல்வெளியில் காசியனின் கொட்டகை. பிறந்ததிலிருந்து தெரிந்த சாலை. இதில் பயப்படுவதற்கு என்ன இருக்கிறது, பட்டணத்தான் மாதிரி?

பாலத்துக்கு அருகே போகப் போக ஓடையின் சத்தம் கூட வேண்டும். அது குறைந்தது.

பாலத்தின் மேல் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். தண்ணீர் பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. திவலைகள் முகத்தில் தெறித்தன, குளிர்ந்தன. அவ்வளவு ஆவேசமான தண்ணீர், கண்ணாடிக்குப் பின்னால் ஓடுவதுபோல் ஓடியது. ஸ்டெக்கர் பார்த்திருந்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பார் என்று தோன்றியது. வழக்கம்போல உதட்டைச் சுழித்தாள். உதடு நடுங்கியது.

பையை இறக்கி மணியை வெளியே எடுத்தாள். நாக்கு எங்கும் சிக்கவில்லை. வலது கையால் தூக்கி, பலம் கொண்ட மட்டும் ஆட்டினாள். நாக்கு உலோகத்தில் அடித்தது. அடி மணிக்கட்டில் அதிர்ந்தது, முழங்கைக்கு ஏறியது, பல்லில் கூசியது.

சத்தம் இல்லை.

மறுபடி ஆட்டினாள். மறுபடி. கை மரத்துப்போகும் வரை.

திரும்பிவிடலாம். சைக்கிளைத் திருப்பினால் போதும், சாலையே கீழே கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் மேலே அவன் தனியாக இருக்கிறான். மணிச் சத்தம் நின்றால் மலையில் இருப்பது கிளம்பி வந்துவிடும், கழற்றாதே என்று இந்த வசந்தத்தில் இவளிடம்தான் கெஞ்சினான். "அதெல்லாம் தாத்தா காலத்துப் பேச்சு, நாலு எழுத்து படிச்சிருந்தா இப்படிப் பேசமாட்ட" என்று மாடுகள் எதிரிலேயே அவனைக் கேவலப்படுத்தியவளும் இவள்தான். ஒலிக்காத மணி எதற்கு என்று அதைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு ஏறி மிதித்தாள்.

மூடுபனி சாலையை மூடிக்கொண்டது. முன்சக்கரம் தெரிந்தது. அதற்கப்பால் வெளுப்பு. மாலையாகிவிட்டதா, பனியின் இருட்டா என்று சொல்ல முடியவில்லை. அவள் மூச்சு புகையாக வந்தது, கேட்கவில்லை. நெஞ்சு இடித்தது, கேட்கவில்லை. தாகம் எடுத்தது. வாய்க்குள் இரும்பின் ருசி.

"காசியன்!"

தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

இறங்கி சைக்கிளைத் தள்ளினாள். சாலை சமமானது. புல்வெளி வந்துவிட்டது. வேலிக் கம்பு ஒன்று. இன்னொன்று. பிறகு பனி கொஞ்சம் விலகியது.

மாடுகள் நின்றன. மொத்த மந்தையும் வேலியோரம், ஒன்றோடொன்று நெருக்கியடித்து, சாலையைப் பார்த்தபடி. மேயவில்லை. கழுத்துகள் முன்னால் நீண்டிருந்தன. எல்லாம் வாயைத் திறந்திருந்தன. நாக்குகள் வெளியே துருத்தி, விலாக்கள் குழிந்து குழிந்து எழும்பின.

கத்துகின்றன. அத்தனையும் கத்திக்கொண்டிருக்கின்றன.

வேலிக் கதவருகே காசியன்.

உயிரோடு இருந்தான். கை தூக்கிக் காட்டினாள். அவன் வாயும் திறந்திருந்தது. தாடை கழன்றுவிடும்போல் திறந்திருந்தது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன. உதட்டோரம் ரத்தம் வழிந்து தாடியில் காய்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகக் கத்துகிறானோ.

கேக்கலடா என்று காதைத் தொட்டுக் காட்டினாள்.

அவன் கையை வீசினான். வா. வா. ஓடி வா.

வருகிறேன் என்று தலையசைத்தாள். ஓர் அடி வைத்தாள். அப்போதுதான் கவனித்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பின்னால் பார்த்தான். அவள் தலைக்கு மேல். ரொம்ப மேல். மாடுகளும் அங்கேதான் பார்த்தன. அத்தனை கண்களும் ஒரே உயரத்தில்.

காலடியில் தார்ச்சாலை அதிர்ந்தது. ஒரு முறை. நிதானமாக. கையில் பிடித்திருந்த சைக்கிள் நடுங்கி நின்றது. பிறகு இன்னொரு முறை. கிட்டத்தில்.

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பவில்லை.

பிடரியில் சூடான ஈரக்காற்று பட்டது. முடி முன்னால் பறந்தது. நின்றது. மறுபடி பட்டது. மூடிக் கிடந்த கிணற்றின் வாடை.

காசியன் கத்துவதை நிறுத்தினான். வாயை மூடினான். இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டு, வேலியோரம் அப்படியே மண்டியிட்டான்.

மாடுகள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் பார்வை, எல்லாம் ஒன்றாக, அவள் தலைக்கு மேலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது.