ஒரு வீட்டுக்கு ஒரு மெஷின்

செருக வேண்டிய வயர் இன்னும் புரோகிராமரின் கையில்தான் இருந்தது. அதற்குள் மோடத்தின் பச்சை விளக்கு, யாருடனோ மும்முரமாகப் பேசுவதுபோல் சிமிட்டத் தொடங்கியிருந்தது. முன்பு குடியிருந்த பெண்மணி விட்டுப்போன மோடம் அது. ஜன்னல்களைத் திறந்துபோட்டு இரண்டு நாளாகியும் அந்த அம்மாளின் பவுடர் வாசனைகூட அலமாரியை விட்டு அசைவேனா என்றது. மகள் பள்ளி விட்டு வருவதற்குள் இணையம் வந்தாக வேண்டும். தாயும் மகளுமாகத் தனியே குடிவந்த வீட்டில் சோறு போடப்போவது இந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர்தான்.

ஐந்து முறை முயன்றும் இணைப்பு வரவில்லை. கேபிள் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"யூனிக்ஸா? அதுக்கெல்லாம் ஆள் அனுப்ப மாட்டோம் மேடம்," என்றான் டெக்னீஷியன். "ஒரு வீட்டுக்கு ஒரு மெஷின்தான். பழைய மேடத்தோட மெஷின் நம்பர்தான் இங்க பதிவாகியிருக்கு. மோடத்துக்கு அடியில எழுதியிருக்கும் பாருங்க. அதையே உங்க மெஷினுக்குக் குடுத்துடுங்க. அவங்கதான்னு நினைச்சு உள்ள விட்டுடும்."

"அவங்களும் அதே நம்பர்ல வந்தா?"

"ரெண்டுல ஒண்ணு தானா விழுந்துடும்," என்று சிரித்தான். "அவங்க போன இடத்துலேருந்து எங்க வரப்போறாங்க!"

பன்னிரண்டு எழுத்துகள். பார்த்துப் பார்த்துத் தட்டினாள். உடனே இணைந்தது. அப்பாடா என்று சாய்ந்தவள், பழக்கதோஷத்தில், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மெஷினைக் கேட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது.

அவளுடைய பெயரல்ல.

பவுடர் வாசனை. இப்போது அலமாரியிலிருந்து வரவில்லை. அவளுடைய மணிக்கட்டிலிருந்து வந்தது. பயத்தில் வயரைப் பிடுங்கினாள். விளக்கு சிமிட்டியது. மோடத்தின் மின்சார வயரையே பிடுங்கினாள். சிமிட்டியது.

சமையலறையில் பாத்திரம் உருண்டது. கேட் திறந்தது.

வாசலில் மகள். பையுடன். அவளைப் பார்த்துவிட்டு ஓரடி பின்வாங்கினாள்.

"அம்மா! ஹால்ல யாரோ ஆன்ட்டி உக்காந்திருக்காங்க."

'நான்தாண்டி கண்ணு.' உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எழ முயன்றாள். முடியவில்லை.

சமையலறையிலிருந்து பதில் வந்தது. அவளுடைய குரலில்.

"யாருமில்லடி. கை கால் கழுவிட்டு வா."

மகள் இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள்.

"ஆமால்ல," என்றாள். பையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். அது உட்கார்ந்திருந்தவளின் மடியில் தங்காமல், இருக்கையில் போய் விழுந்தது.