அனுப்பியவர்: வெர்னா

தான் எழுதாத ஒரு கடிதம் தன் மின்னஞ்சலின் 'அனுப்பியவை' பட்டியலில் இருப்பதை வெர்னா பென்னர் பிற்பகல் இரண்டரை மணிக்குக் கவனித்தாள்.

இரண்டு பத்துக்குப் போயிருந்தது, தலைமையாசிரியர் டக் வீபேவுக்கு. "கடவுச்சொல் எல்லாத்தையும் மாத்திட்டேன். ரோடு மூடுறதுக்குள்ள வீட்டுக்குக் கிளம்புறேன்." அவ்வளவுதான். எழுத்து நடை அவளுடையதேதான். வேலை மட்டும் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

அன்று பனிப்புயல் விடுமுறை. கனடாவில் மானிடோபாவின் அந்தப் பகுதியில் பள்ளிப் பேருந்து ஒன்றுகூட ஓடவில்லை. போன வாரம் பக்கத்துக் கல்வி வட்டாரத்தில் எவனோ ஓர் ஆசிரியரின் கணக்குக்குள் புகுந்து, பிள்ளைகளின் முகவரி, மருந்துச் சீட்டு வரை அள்ளிக்கொண்டு போயிருந்தான். இங்கே ஐந்து பள்ளிகள், ஆயிரத்து நூறு பிள்ளைகள். அத்தனை பேரின் கணக்கையும் காப்பதற்கு வெர்னா ஒருத்திதான். பள்ளி காலியாகக் கிடக்கும் நாளிலேயே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிடலாம் என்று காலை ஒன்பது மணிக்கு வந்து, அடித்தளத்தில் இருந்த சர்வர் அறையில் உட்கார்ந்திருந்தாள். கருவிகளின் விசிறிகள் ஓயாமல் இரைந்தன. சூடேறிய தூசியின் வாடையும் ஈரச் சிமெண்டின் வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டின. கூரையை ஒட்டி, வெளித் தரையின் மட்டத்தில் இருந்த சாண் அகலச் சன்னலில் பனி சரசரவென்று உரசிக்கொண்டே இருந்தது.

மேசைத் தொலைபேசியில் டக்கை அழைத்தாள்.

"டக், ரெண்டு பத்துக்கு என் பேர்ல வந்தது நான் அனுப்பினது இல்ல. என் கணக்குல யாரோ இருக்காங்க."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. மாதம் ஒருமுறை ஊழியர்களுக்குப் போலிக் கடிதம் அனுப்பி, யார் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்பது வெர்னாவின் வழக்கம். "போன தடவை உங்க பரிசுக் கூப்பன்ல நான் விழுந்ததுக்கு ஸ்டாஃப் ரூமே ஒரு வாரம் என்னை ஓட்டுச்சு. இந்தத் தடவை நடக்காதுங்க."

"இது சோதனை இல்ல டக்."

"அப்படித்தான் சொல்வேன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. 'கொஞ்ச நேரத்துல போன் பண்ணிப் பயமுறுத்துவேன், நம்பாதீங்க'ன்னு. இப்பதான் வந்துச்சு." சிரித்தபடியே வைத்துவிட்டார்.

தன் கணக்கை யார் எங்கிருந்து திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தேடினாள். கடல் தாண்டிய ஏதோ ஓர் ஊரின் பெயரை எதிர்பார்த்தாள். திரை இந்தக் கட்டடத்தையே காட்டியது. மேலே, அவளது அலுவலகம். அவளது மடிக்கணினி. மேலங்கி, பூட்ஸ், கைபேசி எல்லாவற்றையும் அதன் பக்கத்தில்தான் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வாசல் கதவை உள்ளிருந்து பூட்டியது நினைவிருந்தது. வெளியே நின்றது அவளுடைய கார் மட்டும்தான்.

விசிறி இரைச்சலுக்கு மேலாகக் காது கொடுத்தாள். தலைக்கு நேர் மேலே, அவளது அலுவலகத்தில், சக்கரம் வைத்த மேசை நாற்காலி மெல்ல உருண்டது. நின்றது. திரும்ப உருண்டது, வசதியாக உட்கார இடம் பார்ப்பது போல.

வெர்னாவின் கை தானாகவே திரையில் அவள் பெயர் மேல் போய், 'முடக்கு' என்ற பொத்தானை அழுத்தியது. தன் கணக்கையே அணைத்துவிட்டாள். மேலே நாற்காலி நின்றது. அப்படியே நின்றுவிட்டது.

மூச்சுவிட்டாள். எழுந்து கதவருகே போய், பூட்டுக்குத் தன் அடையாள அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டினாள். சிவப்பு. அப்போதுதான் உறைத்தது. போன வருடம் இந்தக் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் அட்டைப் பூட்டு வைக்கச் சொல்லிச் சண்டை போட்டதே அவள்தான். கணக்கு செத்தால் அட்டையும் செத்துவிடும். தொலைபேசியை எடுத்தாள். அதுவும் அந்தக் கணக்கில்தான் ஓடியது.

அவசரக் கணக்கு ஒன்று உண்டு. கடவுச்சொல்லை உறையில் போட்டு, முத்திரை வைத்து, அலமாரிக்குள் வைத்திருந்தாள். உறையைக் கிழித்து உள்ளே நுழைந்தாள். முடக்கிய கணக்கை உயிர்ப்பிக்கத் தலைமையாசிரியரின் ஒப்புதல் வேண்டும். அதுவும் அவள் போட்ட விதிதான். கோரிக்கையை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

மறுக்கப்பட்டது.

அடுத்து கணவனுக்கு எழுதினாள். கார்னி பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். அவனுக்கும் பள்ளி மின்னஞ்சல் இருந்தது. "கார்னி, நான் வெர்னா. கீழ் அறையில மாட்டிக்கிட்டேன். மேல யாரோ இருக்காங்க. போலீஸுக்குச் சொல்லிட்டு உடனே வா." அனுப்பிய பிறகுதான், செப்டம்பரில் ஓட்டுநர்களை உட்காரவைத்துத் தான் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. தெரியாத முகவரி, தெரிந்த பெயர், அவசரம், உதவி. நாலும் சேர்ந்து வந்தால் பதில் போடக் கூடாது. புகார் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு அந்த ஆளுக்கே நேராகப் போன் செய்ய வேண்டும். கார்னி முன் வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டான்.

திரையில் ஒரு வரி வந்தது. புகார்: கார்னீலியஸ் பென்னர்.

அடுத்த கணமே அவசரக் கணக்கு மூடிக்கொண்டது. புகார் வந்த கணக்கைக் கேள்வி கேட்காமல் பூட்டும்படி அமைத்திருந்தாள். திரையில் வெறும் நீலம்.

மேலே கைபேசி ஒலித்தது.

அவளுடையது. இரண்டு முறை. மூன்று. நாற்காலி பின்னால் நகர்ந்தது. வெப்பக் காற்று வரும் குழாய் வழியாக ஒரு குரல் இறங்கியது. சற்றே மூக்கடைத்த, வாக்கியத்தின் முடிவில் இறங்கும் குரல். ஐம்பது வருடமாகத் தன் தொண்டைக்குள்ளிருந்து மட்டுமே அவள் கேட்ட குரல்.

"சொல்லு கார்னி... ஆமா, எனக்கும் தெரியும். எவனோ என் பேரை வச்சு விளையாடுறான். புகார் குடுத்தது நல்லதாப் போச்சு."

வெர்னா இரும்புக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். கார்னியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஒண்ணுமில்ல, காத்து," என்றது குரல். "கிளம்பிட்டேன். சூப்பைச் சூடு பண்ணி வை."

காலடிகள். படிக்கட்டுப் பக்கம் வரவில்லை. கூடத்தில் நடந்தன, நிதானமாக. வாசல் கதவு திறந்தது. மூடியது.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சன்னல் அவள் முகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. கண்ணாடியில் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள். வெளியே சாம்பல் வெளிச்சம். பனி. அதில் இரண்டு பூட்ஸ் கால்கள் நெருங்கி வந்தன. இடது பூட்ஸில், அறுந்த நாடாவுக்குப் பதில் கார்னி அவளுக்குக் கட்டிவிட்ட பச்சைக் கயிறு.

கால்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்றன. முழங்கால்கள் மடங்கின. முகம் தெரியும் அளவுக்குக் குனியவில்லை.

அவளுடைய கையுறைகள் இரண்டும் கீழே இறங்கி, பனியை அள்ளி, சன்னலின் அடியிலிருந்து அப்பத் தொடங்கின. ஒவ்வொரு கைப்பிடியாக. இடைவெளி விடாமல். தூங்கப்போகும் குழந்தைக்குப் போர்வையை ஒதுக்கிவிடுவது போல, ஒவ்வொரு அடுக்கையும் மெதுவாகத் தட்டித் தட்டி.