தாகத்தில் வெட்டிய மரம்

குறைய வேண்டிய எடை கூடியிருந்தது.

தையல்காரி விறகுக் கட்டையைக் கொக்கியிலிருந்து இறக்கினாள். தராசின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். பன்னிரண்டரைக் கிலோ. கோடையில் வெட்டிய அன்றைக்கே அது பன்னிரண்டுதான் இருந்தது. தராசுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முணுமுணுத்தபடி தன் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வந்து மாட்டிப் பார்த்தாள். எப்போதும்போல ஐந்து கிலோ. தராசு யோக்கியமாகத்தான் இருந்தது.

இப்படி நிறுத்துப் பார்ப்பது அவள் கணவரின் வழக்கம். விறகை அடுக்கியதும் நடுத்தரமான ஒரு கட்டையைத் தேர்ந்து, சாக்பீஸால் குறி போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நிறுப்பார். வாரத்துக்கு வாரம் எடை இறங்கும். இறங்குவது நின்றால் அந்த அடுக்கு அடுப்புக்குத் தயார். முப்பது வருஷம் விறகு வெட்டிய மனிதர். கல்யாண நாளை மறந்திருக்கிறார், இதை மறந்ததில்லை. இப்போது எழுந்து வர முடியாது என்பதால் அவள் நிறுத்துவிட்டு எண்ணைப் போய்ச் சொல்ல வேண்டும்.

"எவ்ளோ, ஊசி?" என்று கட்டிலிலிருந்து கேட்டார். ஊசி என்பது கல்யாணமான புதிதில் அவர் வைத்த பட்டப்பெயர். அவரைத் தவிர வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பத்தே காலுங்க."

வாய் கூசாமல் சொன்னாள். ஒரு பொய் சொல்லியாகிவிட்டது, இரண்டாவதற்கு என்ன கூச்சம்.

விறகு வெட்ட ஏற்ற காலம் எது என்று அவரிடம் யாராவது கேட்டுவிட்டால் கேட்டவருக்கு அரை மணி நேரம் போய்விடும். குளிர் இறங்க வேண்டும், இலையெல்லாம் கொட்ட வேண்டும், மரத்துக்குள் ஓடும் நீர் வேருக்குப் போய் அடங்க வேண்டும். அப்போது மரம் தூங்குகிறது. வெட்டியதே அதற்குத் தெரியாது என்பார். அப்படி வெட்டிய கட்டை அடுத்த குளிருக்குள் எலும்பாகக் காய்ந்துவிடும். அப்படிப்பட்டவர் போன குளிர்காலத்தின் முதல் வாரத்திலேயே மரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டியது. வெட்டும் காலம் அவருடைய ஜன்னலுக்கு வெளியே வந்து, ஒரு மரம்கூட விழாமல் கடந்துபோனது. அடுத்த குளிரில் அவர் படுத்திருக்கும் அறை ஒரு நாள்கூட ஆறக் கூடாது, ஆறினால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் கோடையில் ரம்பக்காரரைக் கூப்பிட்டாள். அந்த வருஷம் சொட்டு மழை இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய மரம் ஒரு இலைகூட இல்லாமல் மொட்டையாக நின்றது. ரம்பக்காரர் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"அக்கா, இது தூங்கலக்கா. தண்ணியில்லாம எலைய உதுத்திருக்கு. முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"எலை இல்லேன்னா தூங்குதுன்னுதானே அர்த்தம்? எங்க வீட்டுக்காரர் சொல்லாததா? வெட்டுங்க."

அவள் பிடித்த பிடியில் நின்றாள். அவர் வெட்டினார். மரம் சாய்ந்த பிறகு அடிமரத்தின் மேல் குனிந்து மூச்சு வாங்கியபோது அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை வெட்டுவாயில் விழுந்தது. விழுந்த சொட்டு பரவவில்லை. ஈரத் தடம்கூட இல்லாமல் உள்ளே போய்விட்டது. அவர் பார்த்தார், அவளும் பார்த்தாள்.

கணவரிடம், குளிரில் வெட்டி வைத்திருந்த விறகு ஒரு இடத்தில் கிடைத்தது, வாங்கிப் போட்டேன் என்று சொன்னாள். உண்மையைச் சொன்னால் ஒன்றும் குடி முழுகிப்போயிருக்காது. ஆனால் இந்தப் பொய்யைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

கோடை முழுதும் தகரக் கூரையின் கீழ் கிடந்தும் அந்தக் கட்டைகள் எடை இறங்கவில்லை. குளிர் தொடங்கியதும் அடுப்புச் சூட்டிலாவது காயட்டும் என்று அவருடைய அறைக்குள் கொண்டுவந்து, கட்டிலை ஒட்டிய சுவர் நெடுக ஆள் உயரத்துக்கு அடுக்கினாள். அது இரண்டு வாரத்துக்கு முன்பு. பழைய காய்ந்த விறகு இன்னும் நான்கு நாளைக்குத்தான் வரும்.

எடை கூடியதைப் பார்த்த பிறகு மற்றவையும் கண்ணில் பட ஆரம்பித்தன. காயும் விறகு தானாகப் பேசும். அறையின் கதகதப்பில் டப் டப்பென்று வெடித்து, வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லிய கீறல்கள் விடும். இந்த அடுக்கு மூச்சுக் காட்டவில்லை. கோடையில் விழுந்திருந்த கீறல்கள்கூட மூடிக்கொண்டிருந்தன, ஆறிய புண்போல. விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது, வெதுவெதுப்பாகவும் இருந்தது. அடுப்பு அறையின் மறுகோடியில்தான் இருந்தது. குனிந்து முகர்ந்தபோது முதல் மழையில் மண் நனையும் வாசனை வந்தது. வெளியே உறைபனி.

கட்டில் பக்கத்தில் வைக்கும் சொம்புத் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் காலியானது. அவர்தான் குடிக்கிறார் என்று நினைத்தாள்.

"நான் எங்க ஊசி குடிச்சேன்? கை எட்டவே இல்ல."

உதடு வெடித்து, நாக்கு தடித்து, சொற்கள் காகிதம் உரசுவதுபோல வந்தன. வாயருகே டம்ளரைப் பிடித்தால் மடமடவென்று குடித்தார், குடித்துவிட்டு இன்னும் கேட்டார். அவர் நெற்றியில் போட்ட ஈரத்துணி அவள் அடுத்த துணியைப் பிழிந்து முடிப்பதற்குள் மொடமொடவென்று ஆனது. படுக்கைப் புண் வராமலிருக்க அவரைத் தினமும் இரண்டு வேளை புரட்டிப் படுக்கவைப்பாள். மாமிசமலை என்று முன்பெல்லாம் கேலி செய்வாள். புரட்டி முடிப்பதற்குள் அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும். இந்த வாரம் அவ்வளவு சிரமம் தெரியவில்லை. பழகிவிட்டது, கையில் பலம் ஏறிவிட்டது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள். புதன்கிழமை ஒரு கையால் புரட்டினாள். புரட்டிய பிறகுதான் ஒரு கையால் புரட்டினோம் என்பது உறைத்தது.



"இந்தக் கட்டை எந்த மாசம் வெட்டினது?" என்று சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டார்.

"குளிர்லதாங்க. சொன்னேனே."

"பக்கத்துல யாரோ தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குது ஊசி. நாள் பூரா. நிறுத்தாம."

அவள் கூர்ந்து கேட்டாள். புகைக்குழாயில் காற்று ஊளையிட்டது. அடுப்பில் கரி சரிந்தது. அதற்கும் அடியில், மிக மெதுவாக, ஒரே சீராக. மடக். மடக். மடக்.

வியாழன் மதியம் பழைய விறகு தீர்ந்தது. வேறு வழியில்லை. அடுக்கின் மேலிருந்து ஒரு கட்டையை இழுத்தாள். அது பக்கத்துக் கட்டையின் பட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்து, புண்ணிலிருந்து கட்டுத்துணியைப் பிரிப்பதுபோல விட்டு வந்தது. கைக்குழந்தை கனம் இருக்க வேண்டியது கல்லாகக் கனத்தது. தணலில் வைத்து அடுப்புக் கதவைச் சாத்தினாள். உஸ்ஸென்று சீறியது. இரும்பு அடுப்பின் கதவிடுக்கில் தண்ணீர் வழிந்தது, நுரைத்தது, தரையில் ஓடியது.

"சுடுது," என்றார் கட்டிலிலிருந்து.

"இன்னும் பத்தவே இல்லீங்க."

"சுடுதுடி! எடு! வெளிய எடு!"

போர்வையை உதறிவிட்டு நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்தாள். குளிர்ந்து கிடந்தது. திரும்பி வந்து வெறுங்கையால் கட்டையை இழுத்து வெளியே போட்டாள். அவர் அடங்கினார். அடுப்பும் அணைந்திருந்தது.

அறை ஆறிக்கொண்டிருந்தது; ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனிப்பூ பூக்க ஆரம்பித்திருந்தது. அவள் கட்டிலருகே மண்டியிட்டாள்.

"நான் பொய் சொல்லிட்டேங்க. கோடையில வெட்டினது. நம்ம பின்னாடி மரம். ரம்பக்காரர் வேண்டாம்னு சொன்னார். நான்தான் கேக்கல."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"தாகத்துல வெட்டிட்டியா," என்றார்.

விறகை நகர்த்த முடியாது. அவரை நகர்த்தலாம். அடுத்த அறை தையல் அறை; அங்கே ஒரு சின்ன கரியடுப்பு இருந்தது, ஒரு மூட்டைக் கரி இருந்தது. இஸ்திரிப்பெட்டிக்கு வாங்கியது. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். போர்வையோடு சுற்றி, முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் கை கொடுத்துத் தூக்கினாள். தைத்து மடித்த துணிக்கட்டைத் தூக்குவதுபோல வந்தார். சுவர்ப்பக்கத்தில் மட்டும் ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது. மெல்லிசான நூல்கள் அறுவதுபோல் பட் பட்டென்று கேட்டது. அவள் பார்க்கவில்லை. வாசலைத் தாண்டினாள். காலால் கதவைச் சாத்தினாள்.

தையல் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்தாள். கரியைப் பற்றவைத்தாள். பற்றிக்கொண்டது. சூடு பரவியது. தப்பித்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னாள்.

"இப்ப எப்படி இருக்குங்க?"

போர்வையை முகத்திலிருந்து விலக்கினாள்.

கண் திறந்திருந்தது. கண்ணில் பளபளப்பு இல்லை. கன்னத்தின் நடுவிலிருந்து ஓரங்களுக்கு மெல்லிய கீறல்கள் ஓடியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கரியடுப்பின் கதகதப்பில், இன்னொரு கீறல் விட்டது.

டப்.

அப்போது அடுத்த அறையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"ஊசி."

சளி இல்லாத குரல். மரத்திலிருந்து விழுவதற்கு முந்தைய குரல், தெருமுனையிலிருந்தே அவளைக் கூப்பிட்டுக்கொண்டு வரும் கனத்த குரல்.

"ஊசி, தாகமா இருக்கு."

கதவைத் திறந்தாள். கட்டில் காலியாகத்தான் இருந்தது. மெத்தையின் சுவர்ப்பக்க ஓரத்தில் வெள்ளை வேர்கள் அறுந்து தொங்கி, நுனியால் துழாவிக்கொண்டிருந்தன. அடுக்கின் எல்லா வெட்டுமுகங்களிலும் இலை விட்டிருந்தது. இளம் பச்சை. ஜன்னல் வெளிச்சம் ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு இலையும் அவள் நின்ற வாசலைப் பார்த்தே விரிந்திருந்தது.

"தண்ணி குடு."

அவர்தான். அவர் உயிரோடு இருக்கிறார். அதற்காகத்தானே இவ்வளவும்.

வாளியைத் தூக்கி வந்து ஊற்றினாள். ஒரு சொட்டுகூடத் தரைக்கு வரவில்லை. இரண்டாவது வாளி. மூன்றாவது. தொட்டியைச் சாய்த்து அடித்தண்ணீரை வழித்தாள். வெளியே குழாய் உறைந்திருந்தது. டம்ளரில் மிச்சமிருந்ததையும் ஊற்றினாள்.

"இன்னும்."

"இல்லீங்க. வீட்டுல இவ்வளவுதான்."

"இருக்கு ஊசி," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். குறி போட்ட கட்டை எதுவென்று இப்போது தெரியவில்லை, எல்லாம் ஒன்றாகியிருந்தது. எதிரே இருந்த வெதுவெதுப்பான ஒரு வெட்டுமுகத்தில் வலது உள்ளங்கையைப் பதித்து அழுத்திக்கொண்டாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு விரல் நுனிகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின.

மடக். மடக். மடக்.