நிறம் மாறாத விரல்

மங்கல் தன் முதலாளிக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு. மகளின் கண் ஆபரேஷனுக்கு வாங்கியது. ஆசிட் பசை தடவிக் கண்ணாடியில் பூவும் கொடியும் மங்கலாக எடுப்பது அவன் வேலை. பெயரும் அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

காலை 8.20. பட்டறையைத் திறந்த முதலாளி அலறினார். ஓட்டலுக்குப் போக வேண்டிய ஆளுயரக் கண்ணாடி, ஓட்டல்காரர்கள் அனுப்பிய மரச்சட்டத்துக்குள் திட்டுத்திட்டாக வெளுத்து, அரித்துக் கிடந்தது.

"பசை உன் பொறுப்பு. நீதான்டா! இதோட விலையும் உன் கடன்ல ஏறும். இல்லேன்னா ஜெயில்."

"சாவி உங்ககிட்டயும் மச்சான்கிட்டயும்கூட இருக்கே, முதலாளி."

மச்சான், முதலாளி மனைவியின் தம்பி; பட்டறையில் அளவெடுப்பவர். "நான் அந்தப் பசை டப்பாவத் தொட்டதே கெடையாது," என்றார்.

9.40. முதலாளி புகார் சொல்லி இன்ஸ்பெக்டரம்மா வந்தார். சட்டத்தை அசைத்தார். கண்ணாடி உள்ளே கடகடத்தது. முதலுதவிப் பெட்டியில், ஆசிட் காயத்துக்குப் பூசும் கால்சியம் களிம்பு பாதி பிதுங்கியிருந்தது. பையிலிருந்து மஞ்சள் காகிதப் பட்டைகளை எடுத்தார்.

"பசையில ஃப்ளூரைடு இருக்கு. அது பட்டா இது நீலமாகும். கையக் காட்டுங்க."

மங்கலின் கை, கருநீலம்.

"பாத்தீங்களா!" என்றார் முதலாளி.

"நாளெல்லாம் அதுல கெடக்குற கை. வேற எப்படி இருக்கும்? உங்க கை?"

இளநீலம். காலையில் கதவைத் திறந்தது அந்தக் கைதான். கதவுக் கைப்பிடியும் இளநீலம். அதைப் பிடித்தபடியே நின்றிருந்த மச்சானின் விரலில் பட்டை மஞ்சளாகவே இருந்தது.

"சொன்னேன்ல!" என்று சிரித்தார் மச்சான்.

"கைப்பிடியில இருக்கு, முதலாளி கையில இருக்கு. உங்க விரல்ல மட்டும் ஏன் ஒட்டல?"

மச்சான் கைப்பிடியை விட்டார்.

"களிம்புல இருக்கிற கால்சியம், ஃப்ளூரைடக் கட்டிப்போட்டுடும். அப்புறம் பட்டைக்கு அது தெரியாது. ராத்திரி பசை பட்டு எரிஞ்சிருக்கு, களிம்பப் பூசிக்கிட்டீங்க. இன்னும் பிசுபிசுங்குது பாருங்க. டேப்பக் குடுங்க."

கண்ணாடி சட்டத்தைவிட ஒரு விரல் குட்டை.

"அளவத் தப்பா எடுத்துட்டேன்," மச்சான் முணுமுணுத்தார். "அக்கா புருஷன் மூஞ்சில எப்படி முழிக்கறது? பசை தடவிட்டா இவன் தலையில விடிஞ்சிடும்னு..."

முதலாளி கண்ணாடியைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரியவில்லை. கடன் நோட்டை எடுத்து ஒரு வரியின் மேல் கோடு கிழித்தார்.

"அந்தப் பதினெட்டாயிரத்து நானூற அடிச்சுட்டேன், மங்கலு."

"'நீதான்டா'ன்னீங்களே, அதையும் சேத்து அடிங்க."

முதலாளி தலைகுனிந்தார்.

"நீ இல்லப்பா. அடிச்சாச்சு."